மனைத் தரகும் பதிவு எண்ணும்

நம் கடைவீதியில் தராசுக்கு முத்திரை இல்லையென்றால் அதிகாரி கேட்கிறார். மிளகாய் வற்றல் விற்கவும் உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும். லட்சக்கணக்கில் மனை முடித்துத் தரும் தரகரை மட்டும் நெடுங்காலம் யாரும் எதுவும் கேட்டதில்லை. 2016-ம் ஆண்டு மத்திய அரசின் ரியல் எஸ்டேட் சட்டம் அதை மாற்றியது. தமிழ்நாட்டு விதிகள் 2017 ஜூனில் வந்தன.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனை பிரித்து விற்பவர் ரெரா ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதில் விற்றுக் கொடுக்கும் தரகருக்கும் தனிப் பதிவு உண்டு. ஒவ்வொரு வியாபாரத்திலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவு பெற வேண்டியிருந்தும் பெறாத மனைப்பிரிவை அவர் தொடவே கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை விலையில் 5 சதவீதம் வரை அபராதம். பொய் சொல்லி விற்றால் பதிவையே ரத்து செய்யலாம்.

வணிகப் பெருமக்கள் சிலர் கல்லாவில் இருந்தபடியே தெரிந்தவருக்கு மனை பேசி முடித்துக் கமிஷன் வாங்குகிறார்கள். கேட்டால், "ஒத்தாசைதானே அண்ணாச்சி" என்பார்கள். கமிஷன் கைமாறிய பின் ஏது ஒத்தாசை? சட்டத்தின் கண்ணில் அவரும் தரகரே. (ஒருவரது பழைய வீட்டைப் பேசி முடிப்பது இதில் வராது.)

அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரம் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, முன்பணம் கொடுத்தவர்கள்தான் தவித்தார்கள். வாங்கிய தரகைத் திருப்பித் தந்தவரை நான் பார்க்கவில்லை.

டி.டி.சி.பி. அங்கீகாரம் வேறு, ரெரா பதிவு வேறு. இரண்டையும் கேளுங்கள். தரகரின் எண்ணை ஆணையத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். ஏமாந்தவர் ஆணையத்தில் தாமே புகார் கொடுத்து வாதாடலாம், வக்கீல் கட்டாயமில்லை.