நாய்க்குக் காப்புறுதி எடுக்கும் முன்

மெர்லிமாவ், அசகான், தெபோங் பக்கத்துத் தோட்டங்களில் நாய் இல்லாத லயத்தைப் பார்ப்பது அரிது. பாம்பு வந்தால் குரைக்கவும், காட்டுப்பன்றியை விரட்டவும், இரவு வேலைக்குப் போனவர் திரும்பும் வரை வாசலில் படுத்துக் கிடக்கவும் அதுதான் துணை. மிஞ்சிய சோறும் மீன் தலையும் போட்டால் போதும் என்று வளர்த்தது ஒரு காலம். இன்று அந்த நாய் ஒரு வாரம் கிளினிக்கில் படுத்தால் வீட்டில் ஒருவருடைய மாதச் சம்பளமே கரைந்துவிடக் கூடும். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. ரத்தப் பரிசோதனை, டிரிப், அறுவை என்று போகும் பில் ஆயிரம் வெள்ளியைத் தாண்டுவது அபூர்வமில்லை. அப்போதுதான் பலருக்குக் காப்புறுதி நினைவுக்கு வருகிறது.

எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ஆனால் தோட்டத்துக் குடும்பத்துக்கு அது மூன்றாவது வேலை. நோய் வராமல் பார்ப்பது முதல் வேலை, கையில் கொஞ்சம் ரொக்கம் வைப்பது இரண்டாவது. இந்த வரிசைக்கு ஒரே காரணம்தான்: நாய்க் காப்புறுதியில் பெரும்பாலும் நாம்தான் கிளினிக்கில் முழுப் பணத்தையும் கட்ட வேண்டும். ரசீதையும் டாக்டர் அறிக்கையையும் அனுப்பிய பிறகே நிறுவனம் தன் பங்கைத் திருப்பித் தரும். மனிதர்களுக்கான மருத்துவ அட்டையை நீட்டுவது போல இதை நீட்ட முடியாது. அன்று இரவு கையில் பணமில்லை என்றால் பாலிசி இருந்தும் நாயைக் காப்பாற்ற முடியாது.

மலாக்காவில் நாய்களின் பில்லை ஏற்றுவதில் முன்னால் நிற்பது உண்ணி. பழுப்பு நாய் உண்ணி கடித்துப் பரப்பும் எர்லிக்கியா காய்ச்சல் நம் வட்டாரத்தின் பழைய எதிரி. 1960களில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நாய்கள் மூக்கில் ரத்தம் வடிந்து செத்தன. அடுத்து வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கும் மேல் அதே நோய்க்குப் பலியாயின. அந்த நாய்களுக்குக் கிடைத்த கவனிப்பு எந்த லயத்து நாய்க்கும் கிடைக்காது. அவற்றையே விழுங்கிய நோய் இது. ஆரம்பத்தில் பிடித்தால் நான்கு வாரம் மாத்திரையில் அடங்கிவிடும். முற்றிவிட்டால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான பபீசியா சிவப்பணுக்களையே உடைக்கும்.

அதனால் வாரம் இரண்டு தடவையாவது நாயை மடியில் போட்டுப் பாருங்கள். காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால்விரல்களின் இடுக்கு: உண்ணி ஒளிவது இங்கேதான். அப்படியே மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும், சம்பள நாள் வரை காத்திருக்கக் கூடாது. உண்ணியைத் தடுக்க மாதம் ஒன்றும், சில வகைகள் மூன்று மாதத்துக்கு ஒன்றுமாகக் கொடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. விலை சற்று அதிகம்தான், ஆனாலும் ஒரு தடவை ரத்தம் ஏற்றும் செலவுக்கு முன்னால் அது சிறு தொகை. தோட்டத்துப் பூச்சிமருந்தைக் கரைத்து நாயைக் குளிப்பாட்டுவதும், சொறிக்குப் பழைய எஞ்சின் எண்ணெய் பூசுவதும் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். நாய் அதை நக்கி விழுங்கும், பிறகு நோயோடு விஷத்துக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் இன்னொரு ஆபத்து வந்தது. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளுக்காக மரத்தடியில் விஷக் கட்டிகளை வைக்கிறார்கள். நாய் அந்தக் கட்டியைத் தின்றாலும், செத்த எலியைத் தின்றாலும் விஷம் ஏறலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை விஷம் என்றால் இரண்டு மூன்று நாள் வரை ஒன்றும் தெரியாது. பிறகு சோர்வு, வெளுத்த ஈறு, இருமலில் ரத்தம். தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் வாந்தி எடுக்க வைத்தே காப்பாற்றலாம். தாமதித்தால் வாரக்கணக்கில் வைட்டமின் கே கொடுக்க வேண்டும். கட்டியின் உறையையோ ஒரு துண்டையோ பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த விஷம் என்று டாக்டருக்கு உடனே தெரிந்தால் தேவையில்லாத பரிசோதனைச் செலவு மிச்சம்.

குட்டிகளைக் கொல்வது பார்வோ என்ற வைரஸ் நோய். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி, மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள், கடைசி ஊசி பதினாறு வாரம் ஆன பிறகு. ஒரே ஊசியோடு நிறுத்திக்கொண்டு, குட்டி போன பிறகு ஊசி வேலை செய்யவில்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. கடைசி ஊசிதான் முக்கியம், ஏனென்றால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முந்தைய ஊசிகளை முறியடித்துவிடலாம். பார்வோ வந்து, கிளினிக்கில் தங்க வைக்கப் பணமில்லை என்றால் அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் பார்வோ வந்த 40 நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தது. மருத்துவமனையில் படுக்க வைத்த குழுவில் 90 விழுக்காடு பிழைத்தன. முதலில் நீர்ச்சத்தை ஈடுகட்டிவிட்டு, பிறகு தோலடி ஊசி நீரும் வாந்தி மருந்தும் நீண்ட நாள் நிற்கும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்த குழுவில் 80 விழுக்காடு பிழைத்தன. “தினமும் கூட்டிக்கொண்டு வந்து ஊசி போட்டுக்கொண்டு போகிற மாதிரி செய்ய முடியுமா டாக்டர்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பெண் நாய்க்குக் கருத்தடை அறுவை செய்வதும் பெரிய பில்லைத் தடுக்கும் வேலைதான். சுவீடனில் நாய்க்குக் காப்புறுதி எடுப்பது பல தலைமுறைப் பழக்கம். அங்கே ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பதிவுகளை ஆராய்ந்தபோது, கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் கருப்பையில் சீழ் கட்டியது தெரியவந்தது. பருவத்துக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல் படுத்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது செய்யும் அவசர அறுவை, நல்ல உடல்நிலையில் செய்யும் கருத்தடையைவிடப் பல மடங்கு செலவும் ஆபத்தும் கொண்டது. விலங்கு நலச் சங்கங்கள் குறைந்த கட்டணத்தில் கருத்தடைக்கு உதவும் நேரங்கள் உண்டு, விசாரித்து வையுங்கள். மாநிலக் கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்திலும் என்னென்ன செய்து தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி டாக்டரிடம் பேசக் கூச்சப்பட வேண்டாம். இன்றே செய்ய வேண்டியது எது, இரண்டு நாள் பொறுக்கக் கூடியது எது, மொத்தம் எவ்வளவு வரும் என்ற மூன்று கேள்விகளைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பெரிய அறுவை என்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பலாம். அலோர் காஜாவிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்குக் குறையாது, வண்டிச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது காப்புறுதிக்கு வருவோம். தோட்டத்தில் கூட்டுப் பிடித்துப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசம் புரிய வேண்டும். கூட்டில் கட்டிய பணம் நம் முறை வரும்போது திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது (1971ஆம் ஆண்டிலேயே சட்டம் அதைத் தடை செய்துவிட்டது என்பது வேறு விஷயம்). காப்புறுதியில் நாய் நன்றாக இருந்தால் கட்டிய பணம் போனதுதான். அது நஷ்டம் அல்ல, கெட்ட நேரத்துக்கான விலை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் பாலிசியின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணம் 400 வெள்ளி. ஒவ்வொரு க்ளைமிலும் முதல் 200 வெள்ளி நம்முடையது. மீதியில் 80 விழுக்காட்டை நிறுவனம் தரும். பில் 2,000 வெள்ளி என்றால் 1,440 திரும்பி வரும், கட்டணத்தையும் சேர்த்து நமக்கு ஆன செலவு 960. பில் 300 வெள்ளிதான் என்றால் வருவது வெறும் 80. சின்னச் செலவுக்குக் காப்புறுதி உதவாது, பெரிய அடிக்குத்தான் உதவும் என்பது இதில் தெரிகிறது. அதே 400 வெள்ளியைத் தனியாகச் சேமித்தால் மூன்று வருடத்தில் 1,200 ஆகும். ஆனால் நான்காவது மாதமே நாய் விழுந்தால் கையில் 130 சொச்சம்தான் இருக்கும்.

எனவே 1,500, 2,000 வெள்ளியை அவசரத்துக்குப் புரட்ட முடிகிறவர்களுக்கு, அதுவும் நாய் இளமையாக இருக்கும்போது, காப்புறுதி நல்ல ஏற்பாடு. ஆயர் கெரோவிலும் பத்து பெரண்டாமிலும் இரண்டு சம்பளம் வரும் வீடுகள் இதைத் தாராளமாக யோசிக்கலாம். ஒரே சம்பளத்தில் ஓடும் வீடு முதலில் உண்ணி மாத்திரையையும் ஊசியையும் ஒழுங்குபடுத்தட்டும். மாதம் முப்பது நாற்பது வெள்ளியை நாயின் பெயரில் தனியாக ஒதுக்கட்டும்.

கையெழுத்துப் போடும் முன் பாலிசியில் தேட வேண்டியவை: நாய்க்கு வயது வரம்பு உண்டா, மைக்ரோசிப் கட்டாயமா, கலப்பின நாயை ஏற்பார்களா, நோய்க்குக் காத்திருப்புக் காலம் எத்தனை நாள், வருடத்துக்கு உச்ச வரம்பு எவ்வளவு, புதுப்பிக்கும்போது கட்டணம் ஏறுமா. தடுப்பூசி, உண்ணி மருந்து, கருத்தடை போன்றவற்றைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே இருந்த நோய்க்கும் பணம் தர மாட்டார்கள். நம் ஊர் நாய்களில் பலவற்றின் கிளினிக் அட்டையில் உண்ணிக் காய்ச்சல் முன்பே எழுதப்பட்டிருக்கும். அது இருந்தால், மறுபடி வரும் அதே காய்ச்சலுக்கு என்ன செய்வார்கள் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். மறைத்துக் கட்டுவது வீண், க்ளைம் நேரத்தில் அட்டையைக் கேட்பார்கள்.

நாய் மோட்டாரில் போகிறவரைக் கடித்து வழக்கு வந்தால் ஏற்படும் பொறுப்பையும் சில பாலிசிகள் ஏற்கும். ரோட்வைலர் போன்ற பெரிய நாய் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஊராட்சி மன்றத்தின் லைசென்ஸ் இல்லாத நாய்க்கு இந்தப் பாதுகாப்பு எடுபடுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்கிறவர் யாராக இருந்தாலும், பின்னால் நிற்கும் காப்புறுதி நிறுவனம் பேங்க் நெகாராவின் உரிமம் பெற்றதா என்று பாருங்கள். க்ளைமை நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதில் தீராவிட்டால், 2025 ஜனவரியில் தொடங்கிய நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்பிடம் வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். அதற்காகவாவது ஒவ்வொரு ரசீதையும், நோயின் பெயர் எழுதிய அறிக்கையையும், ஊசி அட்டையையும் ஒரே உறையில் வையுங்கள். பட்டியல் இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் எழுதிய ரசீதைக் கிளினிக்கிலேயே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.