இறக்கத்தில் பிறக்கும் மின்சாரம்

தேனியிலிருந்து கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்குப் பிரயாணம் செய்பவர்கள், லோயர் கேம்ப்பைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும், காட்டுக்கு நடுவே சரிவில் இறங்கிவரும் ராட்சதக் குழாய்களைக் கண்டிருப்பார்கள். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்று நீரைப் பென்னிகுக்கின் அணையும் சுரங்கமும் 1895-இல் கிழக்கே திருப்பிவிட்ட பிறகு, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மலைச்சரிவில் வெறுமனே விழுந்து வயலுக்கு ஓடிக்கொண்டிருந்த அந்த நீர், 1958 முதல் இக்குழாய்களின் வழியே பாய்ந்து, மின்சாரத்தைத் தந்துவிட்டு, அதன்பின்தான் பள்ளத்தாக்கின் இருபோக நெல்வயல்களுக்குப் போகிறது. உயரத்தில் இருக்கும் பொருளுக்குள் சக்தி உறைந்திருக்கிறது என்பதை இதைவிடப் பிரத்தியட்சமாகக் காட்டும் காட்சி நம் ஜில்லாவில் வேறில்லை.

அதே மலைகளில் இன்று மின்சாரக் கார்களும் ஏறி இறங்குகின்றன. சுற்றுச்சூழலைக் காக்க வந்த வாகனம் இது என்று ஒரு சாராரும், காரின் பின்புறத்துப் புகையை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிக்கு மாற்றிவைக்கும் ஏற்பாடுதான் இது என்று மற்றொரு சாராரும் வாதிடுகிறார்கள். இரு கட்சியிலும் உண்மை உண்டு. எதில் எவ்வளவு என்பது கணக்குப் போட்டால்தான் விளங்கும்.

சிறிய மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 13 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே உற்பத்தியாவதால், யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. கம்பிகளில் வீணாவதையும் சேர்த்தால் அந்தத் தூரத்துக்குப் பத்துக் கிலோவுக்குச் சற்று மேலே வரும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காரோ, அதே தூரத்தில் 15 கிலோவை வெளியிடுகிறது. ஆகவே, நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும் லாபம் உண்டு. ஆனால் அது விளம்பரங்கள் சொல்லுகிற அளவு பெரிய லாபமன்று.

அந்த லாபத்துக்கும் முன்னால் ஒரு கடன் நிற்கிறது. பேட்டரிக்கு வேண்டிய லித்தியம் சிலியிலும் ஆஸ்திரேலியாவிலும், கோபால்ட் பெரும்பாலும் காங்கோவிலும் வெட்டியெடுக்கப்படுகின்றன. கோபால்ட் இல்லாத பேட்டரிகள் இப்போது பரவலாகிவிட்டன என்றாலும், 30 யூனிட் கொள்ளளவுள்ள ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் இரண்டு டன் அளவுக்குக் கரியமில வாயு காற்றில் கலந்துவிடுகிறது. 100 கிலோமீட்டருக்கு 5 கிலோ வீதம் மிச்சம் பிடித்து இந்தக் கடனைத் தீர்க்க, 40,000 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். வாரத்துக்கு 100 கிலோமீட்டர் ஓடும் வீட்டுக் காருக்கு இது ஏறக்குறைய எட்டு ஆண்டு. நாள்தோறும் அவ்வளவு தூரம் ஓடும் வாடகை வண்டிக்கோ பதின்மூன்று மாதம். ஆகவே, மின்சார வாகனம் நல்லதா கெட்டதா என்பதைவிட, யாருடைய வண்டி முதலில் மின்சாரத்துக்கு மாறவேண்டும் என்பதே முக்கியமான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் கேள்விக்கு விடையைத் தினந்தோறும் விடியற்காலையில் பார்க்கலாம். கம்பத்திலும் போடியிலும் இருள் பிரியுமுன்பே, தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறார்கள். “மேல கொண்டுபோய் விட்டுட்டு, சாயங்காலம் கூட்டியாறவரைக்கும் வண்டி சும்மாதான் நிக்குது அய்யா” என்றார் போடியில் ஒரு ஜீப் ஓட்டுநர். அந்தச் சும்மா நிற்கும் நேரந்தான் வெயில் காயும் நேரம். தோட்டத்துக் கொட்டகையின் கூரையில் சூரிய ஒளித் தகடுகள் இருக்குமானால், சார்ஜ் ஏற்றுவதற்கு அதைவிடத் தக்க சமயம் ஏது?

மலையேற்றத்தைப் பற்றிய அச்சம் நியாயமானதே. போடியிலிருந்து போடிமெட்டு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். ஒன்றரை டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே 4 யூனிட் செலவாகும்; சமதளத்தில் அதைக்கொண்டு 30 கிலோமீட்டர் போய்விடலாம். ஆனால் இறக்கத்தில் கதை மாறுகிறது. டீசல் ஜீப் கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போது, ஏறும்போது சேர்த்த சக்தியில் பெரும்பகுதி பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாகி, லைனர் தீய்ந்த வாடையாகக் காற்றில் கரைந்துபோகிறது. மின்சார வண்டியிலோ, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தைத் தடுத்துப் பிடித்து, டயரும் காற்றும் தின்றது போக மீந்ததைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. லோயர் கேம்ப்பில் நீர் செய்யும் வேலையும் இதுவேதான். மலைமேல் பேட்டரியை முழுவதும் நிரப்பிக்கொண்டு இறங்கினால் வருகிற மின்சாரத்துக்கு உள்ளே இடமிராது என்ற ஒரு சூட்சுமத்தை மட்டும் ஓட்டுநர் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறைகளை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. தோட்டத்துச் சேற்றுப் பாதையில் பாரம் இழுக்கத்தக்க மின்சார ஜீப், சாமானிய ஓட்டுநரின் கைக்கெட்டும் விலையில் இன்னும் வரவில்லை. அடிவாரத்திலும் உச்சியிலும் போதிய சார்ஜிங் நிலையங்களும் இல்லை. அரசாங்கம் சலுகையாக வழங்கும் பணம், போர்ட்டிகோவில் நிற்கும் இரண்டாவது காருக்குப் போவதைவிட, இந்த ஜீப்புகளுக்கும் பஸ்களுக்கும் ஷேர் ஆட்டோக்களுக்கும் போவதே நியாயம்.

மின்சாரத்துக்கும் நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில் லோயர் கேம்ப்பில் நீர் பாய்கிறது. அதே மாதங்களில் கணவாய் வழியே புகும் காற்று ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. காற்றும் நீரும் ஓய்ந்த கோடையில் வெயிலுக்குக் குறைவில்லை. இவற்றால் ஓடும் வண்டி, தன் பேட்டரிக் கடனை 14,000 கிலோமீட்டருக்குள் தீர்த்துவிடும். விழுகிற நீரை வீணாக்கக்கூடாது என்று 1958-இல் உணர்ந்த பள்ளத்தாக்கு இது. பொழுது சாயும் வேளையில், களைத்துத் தூங்கிவிழும் பெண்களைச் சுமந்து மலையிறங்கும் ஜீப்பின் பிரேக்கில் அன்றாடம் எரிந்துபோகிற சக்தியையும் ஒருநாள் அது காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.