தினமும் 0.75: வாக்கர்டனில் யாரும் அளக்காத குளோரின்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சின்ன ஊர். 2000-ல் மக்கள்தொகை 4,800 சொச்சம். அந்த வருஷம் மே மாதம் ஊர்க் குழாய்த் தண்ணீரைக் குடித்த 2,300 பேருக்கும் மேல் நோயில் விழுந்தார்கள். ஏழு பேர் இறந்துபோனார்கள். முக்கியக் காரணம் மாட்டுச் சாணத்திலிருந்து கிணற்றுக்குள் வந்த ஈ.கோலை ஓ157:எச்7 என்ற பாக்டீரியா. நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் விசாரித்து 2002-ல் அறிக்கை கொடுத்தார். பாக்டீரியாவைப் பற்றித் தெரிஞ்சுக்கலாம்னுதான் அதைப் படிக்க ஆரம்பிச்சேன். ஆனா மனசுல நின்னது ஒரு லாக் ஷீட்தான்.

முதல்ல குளோரின் கணக்கைப் பார்த்துடலாம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் போடுகிறோம் என்று வையுங்கள். தண்ணீரில் இருக்கும் இரும்பு, அம்மோனியா, கரிமப் பொருள், கிருமி எல்லாம் சேர்ந்து அதில் 0.4 மில்லிகிராமைத் தின்றுவிட்டால், மிச்சம் 0.6. இந்த மிச்சத்துக்குப் பெயர்தான் எஞ்சிய குளோரின். நம்ம ஊர்க் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-ல் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கணும்னு சொல்வது இதைத்தான்.

இந்த எண் இரண்டு வேலை செய்கிறது. குழாய் வழியே போகும்போது புதுசாக வரும் கிருமியைக் கொல்வது ஒன்று. இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: அது ஒரு எச்சரிக்கை மணி. குளோரின் போடும் அளவை மாற்றாமல் இருக்கும்போது மிச்சம் மட்டும் திடீரென்று விழுந்தால், ஏதோ ஒன்று அதைத் தின்கிறது என்று அர்த்தம். ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்துச் சொல்ல ஒரு நாளாவது ஆகும். குளோரின் சோதனைக்கு ஓரிரு நிமிடம் போதும். குப்பியில் தண்ணீர் பிடித்து, டி.பி.டி. பவுடரைக் கொட்டி, எவ்வளவு இளஞ்சிவப்பாகிறது என்று பார்க்க வேண்டியதுதான். (இதிலும் ஒரு பொறி உண்டு. குளோரின் ரொம்ப அதிகமாக இருந்தால் அந்த நிறத்தையே வெளுத்துவிடும்; குளோரினே இல்லாத மாதிரி தெரியும்.)

வாக்கர்டனின் 5-ஆம் எண் கிணறு ஆழம் குறைந்தது. பக்கத்திலேயே மாட்டுப் பண்ணை. குளோரின் கலந்து 15 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அளவு நிஜமாகவே இருந்திருந்தால் இந்த பாக்டீரியாவில் 99 சதவீதத்துக்கும் மேல் செத்திருக்கும். ஆனால் ஊழியர்கள் வழக்கமாகவே தேவைக்குக் குறைவாகத்தான் குளோரின் போட்டார்கள். மே இரண்டாம் வாரம் கொட்டிய மழையில் சாணக் கழிவு இறங்கியதும் இருந்த கொஞ்சமும் காலி.

அந்த நாட்களில் லாக் ஷீட் என்ன சொன்னது? 0.75. முந்தின வாரங்களிலும் அப்படித்தான்: பெரும்பாலும் 0.5, இல்லாவிட்டால் 0.75. பெரும்பாலான நாட்களில் யாரும் அளக்கவே இல்லை, கையால் எழுதி வைத்தார்கள். நிஜமான தண்ணீர் இப்படி இரண்டே எண்ணில் நிற்காது. 0.62, 0.58, மழைக்குப் பிறகு 0.41 என்று ஆடிக்கொண்டே இருக்கும். எங்கள் தொழிலில் இதுக்குச் சமமான ஒன்று உண்டு: எதையும் சோதிக்காமல் எப்பவும் 'ஓகே' என்று திருப்பி அனுப்புகிற ஹெல்த் செக். டாஷ்போர்டு பச்சையாகவே இருக்கும், சர்வர் எரிந்துகொண்டிருக்கும்.

ஊழியர்களை வில்லன்களாகப் பார்த்தால் விஷயம் புரியாமல் போய்விடும். கிணற்றுத் தண்ணீர் சுத்தமானது என்று அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். குளோரின் போடாத தண்ணீரை அவர்களே குடித்தார்கள். குளோரின் வாடை அடிக்குதுன்னு ஊர்க்காரர்களும் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பல வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பதே அவர்களுக்கு ஆதாரமாகிவிட்டது. ஆனால் மே 17-ல் ஆய்வகத்திலிருந்து கெட்ட முடிவு வந்த பிறகும், சுகாதாரத் துறை கேட்டபோது தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று மேலாளர் சொன்னாரே, அதற்கு இந்தச் சமாதானம் செல்லாது. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்ற அறிவிப்பு மே 21-ல்தான் வந்தது.

5-ஆம் கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் தொடர்ந்து அளக்கும் கருவி இருந்திருந்தால் இந்த நோய்ப்பரவலையே தடுத்திருக்கலாம் என்பது ஓ'கானரின் முடிவு. அளவு குறைந்தால் மணி அடிக்கும், பம்ப் தானாக நிற்கும். தினமும் ஒருமுறை கையால் அளந்திருந்தாலே பாதிப்பு நிறையக் குறைந்திருக்கும் என்றும் சொல்கிறார். எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

கருவி வந்தால் எல்லாம் தீர்ந்துவிடாது. சென்சாரில் அழுக்குப் படிந்தாலும், அதற்குத் தண்ணீர் போகும் மெல்லிய குழாய் அடைத்தாலும் ரீடிங் பொய் சொல்லும். அசையாத நேர்கோட்டைப் பார்த்தால் நல்ல செய்தி என்று நினைக்காமல் சந்தேகப்பட வேண்டும். குளோரினுக்கு மசியாத கிருமியும் உண்டு. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேரைப் படுக்கவைத்த கிரிப்டோஸ்போரிடியம் அப்படித்தான். அதனால்தான் கலங்கலையும் சேர்த்து அளக்கச் சொல்கிறார்கள்.

ஒன்டாரியோவின் இன்றைய விதிப்படி, கிருமிநீக்கத்துக்கான குளோரினைத் தொடர்ந்து அளக்கும் கருவி 5 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும். அது பதிவு செய்ததை 72 மணி நேரத்துக்குள் தகுதிபெற்ற ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்தாகவும் வேண்டும்.