நம் நகரத்துப் பூங்காக்களும் பொதுச் சிற்பங்களும்

மலைநாட்டுக்குச் சுற்றுலாச் சென்று மீளும் நம் மாணவர்கள் முதலிற் கூறுவது நுவரெலியாவின் குளிரைப் பற்றியதாக இருக்கும். அடுத்துக் கூறுவது அங்குள்ள விக்டோரியாப் பூங்காவைப் பற்றியதாக இருக்கும். அதனைத் தொடர்ந்து, “நம்மூரிலே இத்தகைய பூங்கா ஒன்று ஏன் இல்லை?” என்னும் வினாவும் தவறாது வரும். நாம் மாணவராய் இருந்த காலத்தில் நாமும் இவ்வினாவைக் கேட்டோம். எமக்கு முன்னிருந்தோரும் கேட்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. வினா எளியது, விடை அத்துணை எளியதன்று. ஓர் ஊரின் பொதுவெளி எவ்வாறு அமைகின்றது, அங்கே நிழலும் நீரும் சிலையும் எம்முறையாலே இடம்பெறல் வேண்டும் என்பவற்றை ஆராய்ந்தாலன்றி அதற்கு விடை கூறுதல் இயலாது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே உள்ளது. ஆங்கிலேயர் அதனைத் தம் தாய்நாட்டின் சிறு பிரதியாகவே அமைத்துக் கொண்டனர். 1861இல் சின்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கும் பொருட்டு ஹக்கலையிலே தாவரத் தோட்டம் தொடங்கினர். 1873இல் ஆளுநர் கிரெகரியின் காலத்திலே, இன்று அவர் பெயரால் வழங்கும் ஏரியை உண்டாக்கினர். விக்டோரியா மகாராணியார் அரியணை ஏறிய அறுபதாம் ஆண்டு நிறைவாகிய 1897இல் நகர நடுவிலுள்ள பூங்காவுக்கு அவர் பெயரைச் சூட்டினர். அவ்வூரிலே மழையும் பனிமூட்டமும் ஆண்டின் பெரும்பகுதியும் உண்டு. புற்றரை தானே பசுமையாய்க் கிடக்கும். பூச்செடி தண்ணீருக்கு ஏங்குவதில்லை. ஆகவே அங்கே பூங்கா என்றால் புற்றரையும் மலர்ப்பாத்தியும் நடைபாதையுமே. தமிழ்நாட்டிலே உதகமண்டலத்தில் 1848ஆம் ஆண்டளவில் மக்கைவர் என்பார் அமைத்த தாவரத் தோட்டமும் இவ்வகையினதே.

யாழ்ப்பாணத்து நிலம் முற்றிலும் வேறு. இங்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை. காலடியில் இருப்பது சுண்ணக்கல். ஏறக்குறைய 50 அங்குல மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள மூன்று மாதங்களிலே பெய்து தீர்ந்துவிடுகின்றது. அம்மழைநீர் கல்லின் வெடிப்புக்களூடாகக் கீழிறங்கி, உவர்நீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. நம் கிணறுகளின் வாழ்வு இப்படையிலேயே தங்கியுள்ளது. எஞ்சிய மாதங்களில் வெயிலும் சோளகக் காற்றும் புழுதியுமே நமக்குரியன. இத்தகைய மண்ணிலே மலைநாட்டுப் புற்றரையை விரிக்க முயல்வது, குடிநீரை இறைத்துப் புல்லுக்கு வார்ப்பதாகவே முடியும். நம் நகரிலே பூங்கா அமைத்த சிலர் இவ்வுண்மையை மறந்தனர். பங்குனி பிறந்ததும் புல் கருகும். சித்திரையிலே வெறுந்தரையும் சீமெந்து வாங்குகளும் எஞ்சும். அவ்வாங்குகளிலும் நண்பகலில் அமர்வார் ஒருவரையும் காண முடியாது.

நம் முன்னோர் இவ்வகையில் நம்மினும் தெளிவுடையோராய் இருந்தனர். அவர்கள் பூங்கா என்னும் சொல்லைப் பொதுவெளிக்கு வழங்கினாரல்லர். ஆயினும் பொதுவெளியை அமைத்தனர். வழியருகே ஒரு மடம். மடத்தின் அயலிலே ஒரு கேணி. கேணிக்கருகே மாடுகள் முதுகு தேய்க்க ஓர் ஆவுரிஞ்சுகல். தலைச்சுமையோடு வருவோர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி ஏற்ற ஒரு சுமைதாங்கி. இவை எல்லாவற்றுக்கும் மேலே நிழல் பரப்பி நிற்கும் ஒரு மருதோ புளியோ ஆலோ. இவையே அவர்தம் பொதுவெளியின் உறுப்புக்கள். பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடத்தைக் கண்டோர் இதன் சிறப்பை உணர்வர். வீதியே மடத்தின் நடுவாகச் செல்கின்றது. வழிப்போக்கர் ஒதுங்குதற்குத் தெருவைவிட்டு விலக வேண்டியதுமில்லை. நல்லூரிலே ப வடிவாய் அமைந்த யமுனா ஏரி அரசர் காலத்தது எனப்படும். நீருக்கு இறங்கும் கற்படிகளே அதன் அழகு.

சுமைதாங்கியைப் பற்றி இன்னுஞ் சிறிது கூறல் வேண்டும். நட்ட கற்கள் இரண்டு, அவற்றின்மேற் கிடத்திய கல் ஒன்று, அமைப்பு அவ்வளவே. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவளின் சுற்றத்தார் அதனை நாட்டுவது வழக்கம். இறக்காத சுமையோடு போன உயிருக்காகப் பிறர் சுமையை இறக்க ஒரு கல். நினைவுச்சின்னம் என்று இக்காலத்தார் கூறும் யாவற்றிலும் இதனினும் பொருள் நிறைந்த ஒன்றை நாம் கண்டிலேம். அதிலே உருவச்சிலை இல்லை; பெரும்பாலும் பெயரும் இல்லை. இன்று வீதிகளை மீள அமைக்குந்தோறும் தரைமட்டம் உயர்கின்றது. சுமைதாங்கிகள் முழங்காலளவுக்குத் தாழ்ந்து, பின்னர் வடிகாலுக்காக அகற்றப்பட்டும் போகின்றன. அவற்றைக் கணக்கெடுத்துக் காக்கும் பணி இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை.

ஆங்கிலேயர் காலத்திலே யாழ்ப்பாண நகருக்கு வாய்த்த பெரிய சோலை பழைய பூங்கா ஆகும். 1829 தொடக்கம், இடையே சிறிது காலம் நீங்கலாக, 1867இல் இறக்கும் வரை இங்கே அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பார் கச்சேரிக்கு எதிரேயுள்ள நிலத்திலே தம் வாசஸ்தலத்தைச் சூழ அதனை வளர்த்தார். டைக்கின் ஆட்சியைப் பற்றி இருவேறு கருத்துக்கள் உண்டு. அவர் நட்ட மரங்களைப் பற்றி ஒரே கருத்துத்தான் உண்டு. அவர் மலர்ப்பாத்தி கட்டவில்லை, பெருமரங்களை நட்டார். நட்டவர் காணாத நிழலிலே அவருக்குப் பின் நாலைந்து தலைமுறையினர் நின்றனர். வாசஸ்தலம் போரிலே சிதைந்தது. மரங்கள் பல தப்பின. அதன்பின் அந்நிலத்தின் பகுதிகளிலே அலுவலகங்கள் எழுந்தன. ஆளுநர் செயலகமும் அங்கேயே உள்ளது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தக்க காரணம் இருந்தது என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் வெற்றுநிலம் இருக்கின்றதே என்று பூங்காவை நோக்கும் கண், அங்கே நிழல் என்னும் செல்வம் ஏற்கெனவே குடியிருப்பதைக் காண்பதில்லை.

முற்றவெளியின் வரலாறு வேறுவகையானது. கோட்டைக்கும் நகருக்கும் இடையே அவ்வெளி கிடப்பது மக்கள் காற்று வாங்குதற்கன்று. கோட்டைப் பீரங்கிகளுக்கு மறைப்பின்றி இலக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே. பீரங்கிகள் ஓய்ந்தபின் அவ்வெளி மக்களுக்கு உரிமையாயிற்று. அதன் ஓரத்திலே மணிக்கூட்டுக் கோபுரம் 1882இல் எழுந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்தமையை நினைவுகூரக் கட்டியது அது; வரைந்தவர், கொழும்பு நூதனசாலையையும் வரைந்த சிமிதர் என்னும் கட்டடக் கலைஞர். இளவரசரை நினைந்து அதனைப் பார்ப்பார் இன்று எவருமிலர். மணி பார்ப்போரே பலர். போரிலே பழுதுற்ற அக்கோபுரம் 2002இல் மீண்டும் மணி காட்டத் தொடங்கியபோது நகரத்தார் அடைந்த மகிழ்ச்சி இளவரசருக்குரியதன்று.

1949இல் மாநகரசபை உருவானபின், நகரத்தைத் தாமே திட்டமிடும் வாய்ப்பு நம்மவருக்குக் கிட்டியது. பொதுநூலகத்துக்கு இடம் தேர்ந்து, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனைக்கொண்டு திராவிடப் பாணியிலே வரைபடம் ஆக்குவித்து, 1959இல் திறந்துவைத்தனர். முன்றிலிலே கலைமகளின் உருவம், அயலிலே சுப்பிரமணியம் பூங்கா, அப்பாலே புல்லுக்குளம். நூல் படித்துக் களைத்தவர் மரநிழலுக்கு வரலாம்; பூங்காவிலே குழந்தை விளையாடும் பொழுதிலே தாய் வார இதழ் பார்த்து வரலாம். நம் நகரிலே பூங்காவும் சிற்பமும் கல்வி நிலையமும் ஒரே எண்ணத்தில் இணைந்த இடம் இதுவே எனலாம். 1981 ஆனி முதலாந் தேதிக்கு முந்திய இரவிலே அந்நூலகத்துக்கு நேர்ந்ததை இம்மலரின் வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கோட்டையைச் சூழ்ந்து போர் மூண்டபோது, பழைய பீரங்கி வெளிக்கு எல்லையாயிருந்த பூங்காவும் நூலகமும் நகரமண்டபமும் மீண்டும் குண்டு செல்லும் வழியாயின. திட்டம் இடுவோர் நிலத்தின் பழைய தொழிலையும் அறிந்திருத்தல் நன்று.

இனிச் சிலைகளைப் பற்றிக் கூறுவோம். 1968இல் சென்னையிலே நடந்த இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரையிலே வள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி முதலிய பத்துச் சிலைகள் நிறுவப்பட்டன. நான்காவது மாநாடு 1974 தை மாதத்திலே நம் நகரில் நடந்தது. சங்கிலி மன்னனின் சிலை நல்லூர் முத்திரைச் சந்தியிலே எழுந்ததும் அவ்வாண்டிலேயே. மாநாட்டின் இறுதிநாளிலே உயிரிழந்தோர்க்கு முற்றவெளியிலே நினைவுத் தூண்கள் நாட்டப்பட்டன. அவை பட்ட பாடு தனிக் கதை. நூலகத்தின் அயலிலே தந்தை செல்வாவின் நினைவுத் தூபி உயர்ந்தது. இவை யாவும் ஒரு மக்கட்கூட்டம் தன்னைத் தானே அடையாளங் கண்டுகொள்ளும் முயற்சிகள். இவற்றின் தேவையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

எனினும் சிலைக்கு ஓர் இயல்பு உண்டு. அதனை எழுப்பும் அதிகாரம் எவர் கையிலுள்ளதோ, அகற்றும் அதிகாரமும் அவர் கையிலேயே இருக்கின்றது. சென்னைக் கடற்கரைக் கண்ணகி சிலை 2001இல் பெயர்க்கப்பட்டு 2006இல் மீண்டும் நிறுவப்பட்டமை யாவரும் அறிந்தது. முத்திரைச் சந்திச் சங்கிலியன் சிலையும் 2011இல் புதிதாக அமைக்கப்பட்டது. பழைய சிலையின் தோற்றமே மேலென்பாரும் புதியதே மேலென்பாரும் இன்றும் உளர். அச்சென்னைக் கடற்கரையிலே 1959இல் நிறுவிய உழைப்பாளர் சிலை மட்டும் எவ்வழக்குமின்றி நிற்கின்றது. தேவி பிரசாத் ராய் சௌதுரி என்னும் சிற்பி வடித்த அதிலே, நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்கின்றனர், அந்நால்வருக்கும் பெயரில்லை. பெயரில்லாதவரைப் பகைப்பார் யார்? நம் சுமைதாங்கியின் நெறியும் அதுவேயன்றோ?

அண்மைக்காலத்திலே நம்பிக்கை தரும் ஒரு செயல் நடந்தது. பாசி படர்ந்து கிடந்த ஆரியகுளத்தை 2021இல் மாநகரசபை நன்கொடையாளரின் துணையோடு தூய்மை செய்து, சுற்றிலும் நடைபாதை அமைத்தது. மாலையிலே அங்கு குழந்தைகளோடு வருவோரைக் கண்டால், நகரத்தார் எதற்கு ஏங்கியிருந்தனர் என்பது விளங்கும். குளம் நிறைந்தால் அயற்கிணறும் நிறையும். ஆதலின் அது ஒருங்கே பூங்காவும் நீர்த்திட்டமும் ஆகின்றது. எனினும் அங்கே பெருமரங்கள் இன்னும் பல வேண்டும். இரவில் ஒளிரும் விளக்குகள் நண்பகலில் நிழல் தாரா. புல்லுக்குளக் கரையிலே இந்திய அரசின் உதவியால் எழுந்து 2023இல் கையளிக்கப்பட்ட பண்பாட்டு மண்டபத்தைச் சூழவும் இதே குறையை நாம் காண்கின்றோம்.

எமது கருத்து இதுதான்: நம் நகரிலே பொதுவெளித் திட்டம் குளத்திலிருந்து தொடங்குதல் வேண்டும், அடுத்து மரம், சிலை அதற்குப் பின்னர். நகர எல்லைக்குள் எஞ்சியுள்ள குளங்களையும், அவற்றுக்கு மழைநீர் கொணரும் வாய்க்கால்களையும், ஐம்பதாண்டு கடந்த மரங்களையும், மடம், கேணி, சுமைதாங்கிகளையும் ஒரே படத்திலே குறித்தாலே பாதிப் பணி முடிந்துவிடும். வேம்படி, அரசடி, ஆலடி, புளியடி என நம் இடப்பெயர்களே அப்படத்துக்குப் பாதி வழிகாட்டும். அவ்விடங்களிலே பெயருக்குரிய மரம் இன்று நிற்கின்றதா என்று பார்ப்பது நம் மாணவர்க்கு ஒரு விடுமுறைக்காலப் பணியாகலாம். சிலை வேண்டுமென்போர், எவருடைய சிலை என்பதற்கு முன், அதன் நிழலிலே எவர் அமர்வர் என்று கேட்டுக்கொள்வாராக.

இவ்விடத்திலே எமது குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பினர் ஒன்றுகூடி, ஒரு பொதுவிடத்திலே பன்னிரண்டு வேப்பங்கன்றுகளை நட்டோம். நட்டது தைப்பொங்கலை அடுத்து. அஃதாவது மழை நின்றபின். கல்வெட்டுக்குப் பணம் தந்தோர் இருபதின்மர். தண்ணீர் ஊற்ற ஒப்புக்கொண்டவர் ஒருவருமிலர். ஆடிமாதம் சென்று பார்த்தபோது பன்னிரண்டும் பட்டுப்போயிருந்தன. எமது பெயர்கள் பொறித்த கல்வெட்டு மட்டும் இன்றும் அங்கே வெயிலில் நிற்கின்றது.

வரும் ஐப்பசியிலே, முதல் மழையோடு, அதே இடத்திலே மருதும் இலுப்பையும் நட எண்ணியுள்ளோம். கன்றுக்கு முதலிரண்டு கோடைகளிலும் நாலு நாளைக்கு ஒருமுறையேனும் தண்ணீர் வேண்டும். ஆடு கடியாதபடி பனைமட்டை வேலியும் வேண்டும். எவர் எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றுவது என்னும் நிரலை இம்முறை முதலில் எழுதிவிட்டோம். அதிலே இன்னும் மூன்று இடங்கள் வெறுமையாக உள்ளன. கல்வெட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.