பாஸ்பாரிக் அமிலத்தினின்று உலோக மாசுகளைப் பிரித்தல்

வயலில் இடப்படும் டை-அம்மோனியம் பாஸ்பேட் உரத்திற்கும், கோலா பானங்களின் புளிப்புச் சுவைக்கும் ஆதாரமான பொருள் ஒன்றே. அது பாஸ்பாரிக் அமிலம். ஆயினும் உரத்திற்குப் போதுமான அமிலம் உணவுக்கு ஏற்றதன்று. அதற்குப் பெரிதும் காரணமாவன அமிலத்தில் கரைந்துள்ள மாசுகளேயாம்.

பாஸ்பேட் பாறையைப் பொடியாக்கிக் கந்தக அமிலத்துடன் வினைபுரியச் செய்தால் பாஸ்பாரிக் அமிலமும் ஜிப்ஸமும் உண்டாகின்றன. ஜிப்ஸம் வடிகட்டி நீக்கப்படுகிறது. பாறையிலிருந்த இரும்பு, அலுமினியம், மக்னீசியம் ஆகியவற்றின் பெரும்பகுதியும், சிற்றளவில் காட்மியம், யுரேனியம் முதலியனவும் அமிலத்தில் தங்கிவிடுகின்றன. வடிகட்டியால் இவற்றை நீக்க இயலாது. ஏனெனில் இவை கரைந்த நிலையில் உள்ளன.

இங்கு உதவுவது கரைப்பான் முறை. இதன் தத்துவத்தை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதில் விளக்கலாம். அயோடின் கரைந்த நீருடன் நிறமற்ற மண்ணெண்ணெயைச் சேர்த்து ஒரு சோதனைக் குழாயில் குலுக்கி, அசையாது வைத்தால், எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். நீரின் பழுப்பு நிறம் வெளிறி, எண்ணெய் ஊதாச் சாயல் பெறும். அயோடின் தனக்கு உகந்த திரவத்தை நாடிச் செல்கிறது என்பது இதனால் விளங்கும்.

ஆலையிலும் இதுவே நிகழ்கிறது. நீருடன் எளிதில் கலவாத டிரைபியூட்டைல் பாஸ்பேட் போன்ற கரைப்பானை அமிலத்துடன் கலக்கினால், அமிலம் கரைப்பானுள் செல்லும். உலோகங்களின் பெரும்பகுதி நீரிலேயே நின்றுவிடும். கரைப்பானுடன் சென்ற சிறிதளவு மாசு கழுவி அகற்றப்படுகிறது. பின்னர்த் தூய நீரைச் சேர்த்தால் அமிலம் மீண்டும் நீருக்கு வந்து சேரும்; கரைப்பான் மறுபடியும் பயன்படும். இரு திரவங்களையும் எதிரெதிர்த் திசைகளிற் செலுத்திப் பல கட்டங்களில் இதனைச் செய்வர்.

ஆனால் மாசு மறைந்துபோவதில்லை என்பதை மறத்தலாகாது. எஞ்சிய அமிலத்தில் அது முன்னிலும் செறிவாக இருக்கும். அவ்வமிலம் பெரும்பாலும் உரத் தயாரிப்புக்கே செல்கிறது. எனவே உணவு அமிலம் தூய்மை பெறும்போது, மாசின் சுமை வயலை நோக்கித் திரும்பக்கூடும். மண்ணில் சேர்ந்த காட்மியத்தை நெல் போன்ற பயிர்கள் உறிஞ்சும். மனிதனின் சிறுநீரகத்தில் அது பல ஆண்டுகள் தங்கும். இக்காரணம்பற்றியே ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் பாஸ்பேட் உரங்களில் காட்மியத்திற்கு வரம்பு விதித்துள்ளது. ஒரு கிலோகிராம் பாஸ்பரஸ் பென்டாக்ஸைடுக்கு 60 மில்லிகிராம் என்பது அவ்வரம்பு.

அமிலத்தை விட்டு உலோகத்தை மட்டும் கவரும் கரைப்பான்களும் உண்டு. மண்ணெண்ணெய் வகையிற் கரைத்த இத்தகைய சேர்மங்களைக்கொண்டு அமெரிக்காவின் புளோரிடா, லூயிசியானா மாநிலங்களில் 1980-களில் அமிலத்தினின்று யுரேனியம் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் யுரேனியத்தின் விலை வீழ்ந்தமையால் அவ்வாலைகள் நின்றன. முறை பயன் தந்தது, செலவுதான் கட்டுப்படியாகவில்லை.

உர மூட்டையில் அச்சிடப்பட்ட சத்தின் அளவை விவசாயிக்கு எடுத்துரைக்கும் களப்பணியாளர், அம்மூட்டையின் தூய்மை பாறையையும், அதனைப் பக்குவப்படுத்திய முறையையும் பொறுத்தது என்பதையும் அறிந்திருத்தல் நலம்.