ஓடைக்கு உயிர் இருக்கிறதா?

"ஹஸரத், இந்தத் தண்ணீரில் வுழூச் செய்யலாமா?"

மத்ரசாவின் பின்னால் ஓடும் ஓடைக் கரையில் நின்று ஒரு மாணவன் கேட்டான். பிக்ஹுப் பாடத்தில் தண்ணீரின் வகைகளைப் படித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. குல்லதைன் என்பது இக்கால அளவில் ஏறத்தாழ 200 லீட்டர். அந்த அளவை எட்டிய தண்ணீரில் நஜீஸ் விழுந்தாலும், நிறம், சுவை, மணம் மூன்றில் ஒன்று மாறாதவரை அது அசுத்தமாகாது என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். கையில் அள்ளிப் பார்த்தேன். நிறமுமில்லை, மணமுமில்லை. "செய்யலாம்" என்றேன்.

"அப்படியென்றால் மீன் ஏன் இல்லை?" என்றான்.

வுழூச் செல்லுபடியாகுமா என்பது ஒரு கேள்வி. ஓடை உயிரோடிருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கான விடையை ஓடையில் வாழும் சிறு பிராணிகளிடம்தான் கேட்டறிய வேண்டும்.

எங்கள் ஓடை அக்குறணைப் பக்கத்து மலைச்சரிவில் பிறந்து பிங்கா ஓயாவில் சேர்கிறது. பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டையில் மகாவலியில் கலக்கிறது. அதற்குக் கீழே பொல்கொல்லை அணைக்கட்டு. 1976ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து ஆற்று நீர் சுரங்க வழியாக உக்குவளைக்குத் திருப்பப்பட்டு வரண்ட பிரதேச வயல்களுக்குப் போகிறது. நாம் இங்கே ஓடையில் விடுவதை, முகம் தெரியாத ஒரு விவசாயி அங்கே வாய்க்காலில் ஏற்கிறார்.

ஆய்வுக்கு எங்களுக்குத் தேவைப்பட்டவை நுளம்பு வலைத் துண்டொன்று, வளைத்த கம்பி, வெள்ளைப் பேசன், தேயிலை வடி. ஆழமில்லாத, கற்கள் நிறைந்த இடத்தில் வலையை நீரோட்டத்துக்குக் குறுக்கே பிடித்து, அதற்கு மேற்புறமாக நின்று மூன்று நிமிடம் காலால் கற்களைக் கிளற வேண்டும். வலையில் சிக்குவதைப் பேசனில் கொட்டி எண்ணிவிட்டு, அத்தனையையும் மீண்டும் ஓடையில் விட்டுவிட வேண்டும். கனமழை பெய்த மறுநாள் பார்த்துப் பயனில்லை, பிராணிகளை வெள்ளம் அடித்துச் சென்றிருக்கும். காலில் புண் உள்ள பிள்ளைகளை எலிக்காய்ச்சலுக்குப் பயந்து நான் இறங்கவே விடவில்லை.

மேட்டில், மரநிழலில், முதலாம் இடம். அங்கே தட்டையான உடலும் நீண்ட வால் மயிர்களும் கொண்ட மேபிளைக் குஞ்சுகள் கல்லோடு ஒட்டிக் கிடந்தன. மணலை ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் வாழும் கெடிஸ் புழுக்கள், தும்பிக் குஞ்சுகள், இரண்டு நண்டுகளும் இருந்தன. பிரித்தானியாவில் இத்தகைய பிராணிகளுக்கு 1 முதல் 10 வரை புள்ளி போடும் முறை உண்டு. தட்டையான மேபிளைக்கு 10, சாக்கடையிலும் பிழைக்கும் மண்புழு இனத்துக்கு 1. அந்நாட்டுப் புள்ளிகள் நம் நாட்டுக்கு அப்படியே பொருந்தா. ஆயினும் ஒரே ஓடையின் மேலையும் கீழையும் ஒரே நாளில் ஒப்பிட அது போதும்.

மத்ரசாவுக்குக் கீழே இரண்டாம் இடம். பேசனில் நெளிந்தவை சிவப்புப் புழுக்கள் மட்டுமே. கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஓர் ஈயின் குஞ்சுகள் அவை. நம் இரத்தத்தில் உள்ள அதே செந்நிறப் பொருள் அவற்றின் உடலிலும் இருப்பதால், ஒட்சிசன் குறைந்த நீரிலும் தாக்குப் பிடிக்கின்றன. மற்றவை மூச்சு முட்டிச் செத்திருக்கும், அல்லது ஓடியிருக்கும்.

இரண்டு இடங்களுக்கும் இடையில் ஒரே ஒரு குழாய்தான் ஓடையில் விழுகிறது. அது எங்கள் விடுதிச் சமையலறைக் குழாய். மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் குழாயைப் பார்த்தேன்.

அரிசி கழுவிய தண்ணீர், சோற்றுக் கஞ்சி, கறி எண்ணெய், சவர்க்கார நுரை. இவற்றில் எதுவும் நஜீஸ் அல்ல! கஞ்சியைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. பெருகும்போது நீரில் கரைந்துள்ள ஒட்சிசனைக் குடித்துத் தீர்க்கின்றன. நிறமும் மணமும் மாறுமுன்பே ஓடை மூச்சிழந்துவிடுகிறது. நஜீஸ் பாடத்தோடு நாங்கள் நின்றுவிட்டோம். நீர்த்துறையை அசுத்தப்படுத்துவதை நபி (ஸல்) அவர்கள் சாபத்துக்குரிய செயல்களில் ஒன்றாக எச்சரித்த ஹதீஸை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார். அதை எத்தனையோ தடவை ஓதிக்கொடுத்திருக்கிறேன், குழாயை நினைத்ததில்லை.

நிர்வாகத்தாரிடம் சொன்னபோது, "எல்லாரும்தானே விடுகிறார்கள்" என்றார் ஒருவர். பொய்யல்ல. ஆனாலும் கிணற்றுக்குத் தூரமாகப் பார்த்து ஓர் உறிஞ்சுகுழி வெட்ட இணங்கினார்கள். குழிக்கு முன்னால் எண்ணெய் மிதந்து தங்கும் சிறு தொட்டி. வீட்டிலுள்ள சகோதரிகளும் சட்டியின் எண்ணெயைப் பழைய கடதாசியால் துடைத்த பிறகு கழுவினால், கஞ்சியை ஓடைக்கு விடாமல் வாழை மரத்தடியில் ஊற்றினால், ஓடைக்குப் பெரிய உதவி.

குழி வெட்டி மூன்று மாதத்தின் பின் மீண்டும் இறங்கினோம். சிவப்புப் புழு இன்னும் நிறைய உண்டு. ஒரு கல்லின் அடியில் மட்டும் மேபிளைக் குஞ்சு இரண்டு, 4 புள்ளி பெறும் சாதாரண வகை. தட்டையானது வரவில்லை. முதலில் கேள்வி கேட்ட மாணவனே அப்பியாசக் கொப்பியில் திகதியோடு எழுதி வைத்திருக்கிறான். அடுத்த எண்ணிக்கை, இன்ஷா அல்லாஹ், ஷவ்வாலில் மத்ரசா திறந்த பின்.