அனிமே நடிப்புத் தழுவல்கள்

அனிமே நடிப்புத் தழுவல்கள் என்பவை, அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டப் படங்களையோ, அவற்றுட் பலவற்றுக்கு மூலமான மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளையோ அடிப்படையாகக் கொண்டு, நடிகர்களை நடிக்க வைத்து எடுக்கப்படும் திரைப்படங்கள் ஆகும். லைவ் ஆக்சன் படங்கள் என்றும் இவை அழைக்கப்படுகின்றன. ஜப்பானுக்குள் இத்தகைய படங்கள் பல பெரும் வசூலைப் பெற்றுள்ளன. ஆனால் ஹாலிவுட் நிறுவனங்கள் உலகச் சந்தையை நோக்கி எடுத்த தழுவல்களுட் பெரும்பாலானவை இட்ட முதலை மீட்கவில்லை. ஜப்பானில் வெற்றி பெற்ற தழுவல்களும் பிற நாட்டுத் திரையரங்குகளில் சிறிய அளவிலேயே ஓடின.

அனிமேக்கு உலகெங்கும் இரசிகர்கள் பெருகிவந்த அதே காலத்தில் இது நிகழ்ந்துள்ளதால், இதனை அனிமேக்கு வரவேற்பு இல்லை என்பதன் அடையாளமாகக் கொள்ள இயலாது. படத்தின் செலவு, அச்செலவை ஈடுகட்டத் தேவையான பார்வையாளர் தொகை, மூலக்கதையின் தன்மை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமையே முதன்மைக் காரணம் எனலாம்.

பின்னணி

ஜப்பானில் ஒரு மங்கா முதலில் வார இதழிலோ மாத இதழிலோ தொடராக வெளிவரும். அது வரவேற்பைப் பெற்றால் தொலைக்காட்சி அனிமேயாக எடுக்கப்படும். பின்னர் திரைப்படம், விளையாட்டுப் பொருட்கள், நிகழ்பட விளையாட்டு என்று விரியும். நடிகர்களைக் கொண்டு எடுக்கப்படும் திரைப்படம் இவ்வரிசையில் பெரும்பாலும் இறுதியில் வருவதாகும். ஆகவே அதைப் பார்க்க வருவோரில் ஒரு பகுதியினர் கதையையும் மாந்தர்களின் தோற்றத்தையும் குரலையும் முன்பே அறிந்தவர்கள்.

ஜப்பானுக்கு வெளியேயும் இத்தகைய படங்கள் நெடுங்காலமாக எடுக்கப்பட்டு வருகின்றன. ஜாக்கி சான் நடித்த ஹொங்கொங் படமான சிட்டி ஹண்டர் 1993 இலும், அமெரிக்கப் படமான ஃபிஸ்ட் ஆஃப் த நார்த் ஸ்டார் 1995 இலும் வெளிவந்தன. பெரும் பொருட்செலவில் எடுக்கும் போக்கு 2000களின் பிற்பகுதியில் வலுப்பெற்றது.

வசூல் விவரம்

உலகச் சந்தைக்காக எடுக்கப்பட்ட முதன்மையான படங்களின் தயாரிப்புச் செலவும் உலக வசூலும் ஏறத்தாழப் பின்வருமாறு அமைந்தன. விளம்பரச் செலவு இதில் சேர்க்கப்படவில்லை.

• ஸ்பீட் ரேசர் (2008): செலவு 12 கோடி டாலர், வசூல் 9.4 கோடி டாலர்
• டிராகன்பால் எவலூசன் (2009): செலவு 3 கோடி டாலர், வசூல் 5.6 கோடி டாலர்
• கோஸ்ட் இன் த ஷெல் (2017): செலவு 11 கோடி டாலர், வசூல் 17 கோடி டாலர்
• அலிட்டா: பேட்டில் ஏஞ்சல் (2019): செலவு 17 கோடி டாலர், வசூல் 40.5 கோடி டாலர்
• நைட்ஸ் ஆஃப் த சோடியாக் (2023): செலவு 6 கோடி டாலர், வசூல் 70 இலட்சம் டாலர்

இவ்வெண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். வசூல் என்பது பார்வையாளர்கள் நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த மொத்தப் பணம் ஆகும். அதில் ஏறத்தாழப் பாதி திரையரங்குகளிடமே தங்கிவிடும். கோஸ்ட் இன் த ஷெல் 17 கோடி டாலர் வசூலித்தது என்றால், தயாரிப்புத் தரப்புக்கு வந்தது ஏறத்தாழ 8.5 கோடி டாலரே. இது தயாரிப்புச் செலவை விடக் குறைவு.

அலிட்டாவின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. அதன் வசூலில் 13 கோடி டாலருக்கு மேல் சீனாவில் கிடைத்தது. சீனாவில் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கிடைக்கும் பங்கு நான்கில் ஒன்று மட்டுமே. இக்கணக்கின்படி, 40 கோடி டாலர் வசூலித்த படத்திலிருந்து திரும்பி வந்த தொகை தயாரிப்புச் செலவுக்கு ஏறத்தாழச் சமமாகவே அமைகிறது. விளம்பரச் செலவுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

காரணங்கள்

செலவும் பார்வையாளர் தொகையும்

அனிமேயில் பறக்கும் நகரத்தை வரைவதற்கும் தேநீர்க் கடையை வரைவதற்கும் இடையே செலவில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் தாளிலோ கணினித் திரையிலோ வரையப்படுபவையே. ஆனால் அதே நகரத்தை நடிகர்களைச் சுற்றி உருவாக்க அரங்கமைப்பும் கணினி வரைகலையும் தேவை. உலகெங்கும் புகழ்பெற்ற அனிமேக்கள் பல அறிபுனை அல்லது கனவுருப்புனைவு வகையைச் சேர்ந்தவை என்பதால், தழுவல்களின் செலவு தொடக்கத்திலேயே உயர்ந்துவிடுகிறது.

செலவு உயர்ந்தால் இரசிகர்கள் மட்டும் பார்த்து அதை ஈடுசெய்ய முடியாது. அனிமே பார்த்திராத பொதுப் பார்வையாளர்களும் வர வேண்டும். அவர்களுக்காகக் கதையை எளிமையாக்கி, பழகிய ஹாலிவுட் வடிவத்துக்குள் கொண்டுவருகின்றனர். அப்போது இரசிகர்கள் விலகுகின்றனர். பொதுப் பார்வையாளருக்கோ பெயரும் உடையும் புதியவை, கதை மட்டும் பழகியது என்ற உணர்வே எஞ்சுகிறது. இருவரையும் கவர முயன்று இருவரையும் இழப்பதே இவ்வகைப் படங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் நிலையாகும்.

கதைச் சுருக்கம்

டிராகன் பால் மங்கா 1984 முதல் 1995 வரை வெளிவந்து 42 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. டிராகன்பால் எவலூசன் படத்தின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. மலைக்காட்டில் தனியே வளர்ந்த சிறுவனான கோக்கு, இப்படத்தில் பள்ளியில் கேலிக்கு ஆளாகும் அமெரிக்க மாணவனாக மாற்றப்பட்டான். இதன் திரைக்கதையாசிரியர் பென் ராம்சி, தாம் அக்கதையின் இரசிகராக இன்றிப் பணத்துக்காகவே இப்பணியை ஏற்றதாகக் கூறி 2016 இல் இரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

நீண்ட தொடர்களில் மாந்தர்கள் மீதான பற்று பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக உருவாகிறது. ஒரு மாந்தர் இறக்கும்போது வாசகர் கலங்குவது, அவரோடு நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கடந்து வந்திருப்பதாலேயே. அந்நிகழ்வை மட்டும் எடுத்துத் திரையில் வைத்தால் நிகழ்வு இருக்கும், கலக்கம் இராது.

வரைவும் உடலும்

அனிமே மாந்தர்களின் பெரிய கண்கள், நிறம் தீட்டிய நிமிர்ந்த முடி, மிகைப்படுத்திய முகபாவம் ஆகியவை வரைவின் மொழியைச் சேர்ந்தவை. சண்டையின் நடுவே காலம் உறைந்து நிற்க மாந்தர் தமக்குள்ளேயே நீளமாகப் பேசிக்கொள்வதும் அவ்வாறே. வரைந்த முகத்தில் இவை இயல்பாகத் தோன்றுகின்றன. மனித முகத்திலும் உடலிலும் வைத்தால் வேடமாகத் தோன்றுகின்றன. அவற்றை நீக்கினாலோ மூலத்தின் சுவை குறைகிறது.

இதற்கு இயக்குநர்கள் வெவ்வேறு விடைகளைத் தேடியுள்ளனர். வச்சோவ்ஸ்கிகள் இயக்கிய ஸ்பீட் ரேசர், இயல்புத்தன்மையை முற்றிலும் கைவிட்டுத் திரை முழுவதையும் அனிமேயைப் போன்ற பளிச்சிடும் வண்ணங்களால் நிரப்பியது. இப்படம் பிற்காலத்தில் பலரால் பாராட்டப்பட்டபோதும், வெளியான காலத்தில் கூட்டத்தைச் சேர்க்கவில்லை. ராபர்ட் ரோட்ரிகஸ் இயக்கிய அலிட்டாவில் நாயகியின் உருவம் முழுவதும் பெரிய கண்களுடன் கணினியில் உருவாக்கப்பட்டது.

நடிகர் தேர்வு

மசமுனே சிரோவின் மங்காவையும் மமோரு ஒஷியியின் 1995 ஆம் ஆண்டு அனிமேயையும் தழுவிய கோஸ்ட் இன் த ஷெல் படத்தில் மோட்டோகோ குசனாகியின் பாத்திரத்தை ஸ்கார்லெட் ஜொஹான்சன் ஏற்றார். ஜப்பானியப் பாத்திரத்துக்கு வெள்ளையின நடிகையைத் தேர்ந்தது அமெரிக்காவில், குறிப்பாக ஆசிய அமெரிக்கர்களிடையே, கடும் கண்டனத்துக்கு உள்ளானது. இப்பாத்திரத்தின் உடலே செயற்கையானது என்பதால் இத்தேர்வில் தவறில்லை என்று ஒஷியி கருத்துத் தெரிவித்தார்.

உலகறிந்த நடிகர் இல்லாமல் பெரிய முதலீடு கிடைப்பது அரிது. அத்தகைய நடிகரைச் சேர்த்தால் மூலக்கதையின் பண்பாட்டை அழித்ததாகக் குற்றச்சாட்டு எழுகிறது. மறுபுறம், ஐரோப்பாவை ஒத்த நாட்டில் நிகழும் ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் கதையை ஜப்பான் 2017 இல் முழுவதும் ஜப்பானிய நடிகர்களைக் கொண்டே எடுத்தபோது, அதுவும் பொருந்தவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. வரைந்த மாந்தருக்கு நாடும் இனமும் மங்கலாக இருக்கலாம். நடிகருக்கு அவ்வாறு இருக்க முடியாது.

காலத் தாழ்ச்சி

உரிமை பெறுவதற்கும் படம் வெளிவருவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிகின்றன. 1999 இல் வெளிவந்த த மேட்ரிக்ஸ் படத்துக்கு ஒஷியியின் அனிமே தூண்டுதலாக இருந்தது பரவலாக அறியப்பட்ட செய்தி. 2017 இல் கோஸ்ட் இன் த ஷெல் தழுவல் வந்தபோது, அம்மூலம் அறிமுகப்படுத்திய காட்சிகளையும் கருத்துகளையும் மக்கள் பிற படங்களில் பலமுறை பார்த்துவிட்டிருந்தனர். மூலமே நகலைப் போலத் தோன்றும் நிலை ஏற்பட்டது. கட்சுஹிரோ ஒட்டோமோவின் அக்கிராவுக்கான உரிமையை வார்னர் பிரதர்ஸ் 2002 இல் பெற்றது. படம் எடுக்கப்படாமலேயே 2025 இல் அவ்வுரிமை ஜப்பானியப் பதிப்பகமான கோடன்ஷாவிடம் திரும்பியது.

ஜப்பானியத் தயாரிப்பு முறை

ஜப்பானில் பெரும்பாலான தழுவல்கள் தயாரிப்புக் குழு முறையில் எடுக்கப்படுகின்றன. பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், விநியோக நிறுவனம், விளம்பர நிறுவனம் ஆகியவை முதலீட்டைப் பகிர்ந்து கொள்கின்றன. இதனால் ஒவ்வொன்றின் இழப்பும் சிறிதாகிறது. முதலீடு உள்நாட்டு வசூலிலேயே மீள வேண்டும் என்று திட்டமிடப்படுவதால், நடிகர்களும் விளம்பரமும் உள்நாட்டுப் பார்வையாளரை நோக்கியே அமைகின்றன. வெளிநாட்டு வசூல் கூடுதல் வருவாய் மட்டுமே.

2012 இல் வெளிவந்த ருரோனி கென்ஷின் ஜப்பானில் 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. பண்டைய சீனாவைக் களமாகக் கொண்ட கிங்டம் (2019) 570 கோடி யென்னையும், அதன் நான்காம் படம் (2024) 800 கோடி யென்னையும் கடந்தன. ஆயினும் கிங்டம் முதற்படம் அமெரிக்காவில் குறைந்த எண்ணிக்கையிலான திரையரங்குகளிலேயே திரையிடப்பட்டது. எனவே ஜப்பானியத் தழுவல்கள் வெளிநாட்டில் தோற்றன என்பதை விட, அவை வெளிநாட்டுக்காக எடுக்கப்படவில்லை என்பதே பொருத்தமாகும்.

விதிவிலக்குகள்

பிரான்சில் 2019 இல் வெளிவந்த, ஃபிலிப் லஷோ இயக்கி நடித்த நிக்கி லார்சன் படம் சிட்டி ஹண்டர் கதையைத் தழுவியது. இதனை அந்நாட்டில் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தனர். நிக்கி லார்சன் என்பது அனிமேயின் பிரெஞ்சு ஒலிமாற்றத்தில் நாயகனுக்கு இடப்பட்ட பெயராகும். அதைச் சிறு வயதில் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த தலைமுறையை மட்டுமே இப்படம் நாடியது. உலகம் முழுவதையும் நாடாமல் ஒரு நாட்டின் நினைவை நாடியதே இதன் வலிமை.

திரையரங்குக்கு வெளியே, நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2021 இல் வெளியிட்ட கௌபாய் பீபாப் தொடர் மூன்று வாரங்களுக்குள்ளேயே கைவிடப்பட்டது. அதே நிறுவனம் 2023 இல் வெளியிட்ட ஒன் பீஸ் தொடரோ பெரும் வரவேற்பைப் பெற்றது. மூலப் படைப்பாளியான எயிச்சிரோ ஓடா தயாரிப்பில் நேரடியாகப் பங்கேற்றதும், கதையின் தொடக்கப் பகுதியை மட்டும் எட்டுப் பகுதிகளில் பொறுமையாகச் சொன்னதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

மூல அனிமேக்களின் வளர்ச்சி

இத்தழுவல்களுக்கு இன்றுள்ள பெரும் போட்டி மூல அனிமேக்களே. அனிமேயை அப்படியே காட்டினால் வெளிநாட்டு மக்கள் பார்க்கமாட்டார்கள் என்ற எண்ணமே ஹாலிவுட் தழுவல்களுக்கு அடிப்படையாக இருந்தது. இவ்வெண்ணம் தற்போது வலுவிழந்துள்ளது. 2025 இல் வெளிவந்த டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில் உலகளவில் 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இந்தியாவில் இது தமிழ் ஒலிமாற்றத்துடனும் திரையிடப்பட்டது.

டிராகன் பால் கதையிலேயே இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். டிராகன்பால் எவலூசன் திரைக்கதையில் தாம் கூறிய திருத்தங்களைத் தயாரிப்பாளர்கள் ஏற்கவில்லை என்று அதன் படைப்பாளி அக்கிரா தொரியாமா பின்னர் தெரிவித்தார். அப்படத்தின் மீதான மனக்குறையே, தாம் விட்டு விலகியிருந்த டிராகன் பாலுக்குத் தம்மை மீண்டும் அழைத்து வந்த காரணங்களுள் ஒன்று எனவும் குறிப்பிட்டார். அவர் பங்கேற்ற அனிமே திரைப்படமான பேட்டில் ஆஃப் கோட்ஸ் 2013 இல் வெளியானது. அதனைத் தொடர்ந்து அவர் திரைக்கதை எழுதிய டிராகன் பால் சூப்பர்: புரோலி (2018) உலகளவில் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தொரியாமா 2024 இல் காலமானார்.

இவற்றையும் பார்க்க

• அனிமே
• மங்கா
• டிராகன் பால்
• ஜப்பானியத் திரைப்படத்துறை